கங்காணியம்மாவின் முட்டை ஓடு

"கீழே போனது எல்லாம் ஒருநாள் மேலே வரும்!"

நிரஞ்சலா கையை உயர்த்திச் சொல்லிப் பார்த்தாள். கேட்பதற்கு எதிரே சுருட்டிய பாய்களும் சாக்கு மூட்டைகளும்தான் இருந்தன.

நமுனுகுல மலையில் மண் சரிந்து பத்து நாளாகிவிட்டது. தோட்ட வேலையாட்களின் வரிசை வீடுகளான லயம் முழுவதும் புதைந்துபோனது. ஆட்கள் முதல் நாள் மாலையே வெளியேறியதால் தப்பினார்கள். அன்றிலிருந்து, தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராதான் பதினொரு குடும்பங்களுக்கும் வீடு. எங்கே திரும்பினாலும் ஈரத் துணி வாசம்.

நாளை பசறையில், அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான தினம். ஸைனப் டீச்சர் அவளைப் பேசச் சொல்லியிருந்தார்.

டீச்சர் எழுதிக்கொடுத்த பேச்சு இதுதான்: சிப்பிகளின் ஓட்டில் காபன் என்னும் கரிமம் இருக்கிறது. சிப்பி செத்தால் ஓடு கடலடியில் படிகிறது. இந்தோனேசியாவுக்குப் பக்கத்தில் கடலடிப் பாறை மெல்ல மெல்ல நகர்ந்து, இன்னொரு பாறைக்கு அடியில் நுழைந்து, பூமிக்குள் போகிறது. நகம் வளரும் வேகம்தான் அதற்கு. கூடவே காபனும் போகிறது. அதில் ஒரு பங்கு பல மில்லியன் வருடம் கழித்து எரிமலைப் புகையோடு வெளியே வருகிறது.

"மிச்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது" என்று டீச்சர் ஒரு வரி எழுதியிருந்தார். நிரஞ்சலா அதை அடித்துவிட்டாள். அந்த வரிக்கு வரும்போதெல்லாம் புதைந்த லயம்தான் கண்ணில் வந்தது. அதற்குப் பதிலாகத்தான் கையை உயர்த்தும் வரியை அவளே எழுதிக்கொண்டாள்.

"எல்லாமாக்கா வரும்?"

மூலையில் தங்கச்சி கிருஷாந்தி. ஆறு வயது. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள்.

"ம். எல்லாந்தான்" என்றாள் நிரஞ்சலா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பகலில் மழை பிடித்தது. தங்கச்சியைக் காணவில்லை.

நிரஞ்சலாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கங்காணியம்மா!

கங்காணியம்மா கிருஷாந்தியின் கோழி. வேலையாட்களுக்குப் பின்னால் கங்காணி நடப்பதுபோல, குஞ்சுகளை முன்னால் விட்டு அதட்டிக்கொண்டே நடக்கும். அதனால் அந்தப் பெயர். லயத்தை விட்டுக் கிளம்பிய மாலை அது ஒன்பது முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. "அடைகாக்கிற கோழிய அசைக்கக் கூடாது. நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்" என்றார் அம்மா. கூட்டின் கதவை மூடியவள் கிருஷாந்திதான்.

நிரஞ்சலா ஓடினாள்.

சரிவின் ஓரத்தில் யாரும் தாண்டக் கூடாதென்று மஞ்சள் நாடா கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், சேற்றில் குந்தியிருந்தாள் தங்கச்சி.

"கிருஷா! வாடி இந்தப் பக்கம்!"

"வர மாட்டேன். கங்காணியம்மா மேல வர்றப்ப யாராச்சும் இருக்கணும்ல? யாரும் இல்லாட்டி என்னையத்தான் திட்டும்."

மேலேயிருந்து ஒரு சிறு கல் உருண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றது.

'கோழி காம்பராவுக்கு வந்துட்டுதுடி' என்று சொன்னால் போதும், பறந்து வந்துவிடுவாள். அந்தப் பொய் நிரஞ்சலாவின் நாக்கு நுனி வரை வந்தது. ஏற்கெனவே சொன்ன ஒரு பொய்தான் இவளை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"நான் பொய் சொன்னேன் கிருஷா."

தங்கச்சி திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாம் மேல வராது. கொஞ்சந்தான் வரும். மிச்சம் உள்ளயே இருந்துரும். வர்றதும் ஓடா வராது, புகையாத்தான் வரும். டீச்சர் சரியாத்தான் எழுதியிருந்தாங்க. நான்தான் அடிச்சிட்டேன்."

"ஏன் அடிச்ச?"

"எனக்கு அது புடிக்கல."

மழை இருவர் மீதும் பெய்துகொண்டிருந்தது.

"அப்போ கங்காணியம்மா?"

"வராதுடி."

கிருஷாந்தி அழவில்லை. சேற்றை ஒரு முறை பார்த்தாள். பிறகு எழுந்து, மெதுவாக நடந்து, நாடாவுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். நிரஞ்சலா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். மூடிய அந்தக் கைக்குள் ஒரு முட்டை ஓட்டுத் துண்டு இருந்தது. உடைந்த கூட்டுப் பலகையோடு சேற்றில் கிடந்ததாம்.

காம்பராவுக்கு வந்து தலையைத் துவட்டும்போதுதான் தங்கச்சி பேசினாள்.

"சிப்பி ஓட்டுல இருக்கிறது இதுலயும் இருக்காக்கா?"

"இருக்கு. ரெண்டும் ஒரே சாமான்தான்."

"பூமிக்குள்ள போகாம அத வெளிய எடுக்க முடியுமா?"

நிரஞ்சலா கொஞ்சம் யோசித்தாள். "முடியும். ஆனா ஓடு கரைஞ்சிரும். திரும்பக் கிடைக்காது. நெசமாத்தான் சொல்றேன்."

கிருஷாந்தி வெகுநேரம் ஓட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நீட்டினாள். "போடு."

கண்ணாடிக் குவளையில் புளிப்புத் தேசிக்காயைப் பிழிந்து ஓட்டைப் போட்டார்கள். அதன் மேல் பொடிப்பொடியாகக் குமிழிகள் முளைத்தன. ஒவ்வொன்றாக மேலே வந்து வெடித்தன. கிருஷாந்தி குவளைக்குள் மூக்கை விட்டாள்.

"ஹச்!"

தும்மல் பக்கத்துப் பாய் வரை தெறித்தது.

"இது எங்க போகுது?"

"காத்துல."

"பெறகு?"

"இலையெல்லாம் இழுத்துக்கும். தேயிலையும் இழுத்துக்கும்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நிரஞ்சலா கையை உயர்த்தவில்லை. "மிச்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது" என்ற வரியைத் தாளைப் பார்க்காமல் சொன்னாள். யாரும் கைதட்டாத அந்த நொடியில், ஸைனப் டீச்சர் மட்டும் மெல்லத் தலையசைத்தார்.

மாலையில் அம்மா தேயிலை பறித்துவிட்டு மலையிலிருந்து நனைந்து வந்தார். கிருஷாந்தி ஓடிப்போய் வெறுங்கூடைக்குள் தலையை விட்டாள். அடியில் இரண்டு கொழுந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னாடி, கூடைய மோந்து பாக்குற?"

"சும்மாத்தான்மா."

அவள் அந்த இரண்டு கொழுந்தையும் எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, அக்காவின் பக்கத்தில் சோற்றுக்கு உட்கார்ந்தாள்.