காத்தாயியின் கட்டைவிரல்

ரேஷன் கடையின் ரேகை மெஷின், யாரும் விரல் வைக்காமலேயே பீப் என்றது.

விற்பனையாளர் முத்தமிழ்செல்வன் நிமிரவில்லை. மனிதர்களையே நிமிர்ந்து பார்க்காதவன் மெஷினையா பார்ப்பான்? சாயங்காலம் ஐந்து மணிக்கே மழை மூட்டத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. புழுங்கலரிசி மூட்டைகளின் மக்கல் வாடையில், எங்கோ ஒரு எலி சாக்கைப் பிறாண்டுவதைக் கேட்டபடி, செல்போனில் மூழ்கியிருந்தான். கடையில் வேறு யாருமில்லை.

மறுபடியும் பீப். இப்போது பார்த்தான். திரையில், ‘காத்தாயி, வயது 53. சரிபார்க்கப்பட்டது.’

காத்தாயி செத்து ஒன்பது நாள் ஆகிறது.

ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்தவள். கொட்டைத் தோட்டில் கசியும் எண்ணெய் அரித்து அரித்து அவள் விரல்கள் பத்தும் வழவழவென்று ஆகிவிட்டன. மூன்று மாதம் ஸ்மார்ட் கார்டோடு வந்து நின்றாள், வெறும் பையோடு திரும்பினாள். ரேகை விழாதவர்களுக்கு நோட்டில் எழுதி அரிசி போட விதி உண்டு. ஒரு பக்கம் எழுதவேண்டும், அந்தச் சோம்பேறிக்கு அதற்குக் கை வலிக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான்.

“கார்டுல என் படந்தான சார் இருக்கு, பாருங்க.”

“ரேகை விழுந்தாத்தான் நீ காத்தாயி. இல்லன்னா யாரோ. போ.”

இப்போது மெஷின் கண்ணாடியில் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்தான். திரும்பப் படிந்தது. முந்திரிக்கொட்டை வறுக்கிற காரப்புகை தொண்டையைப் பிடித்தது. பூட்டிவிட்டு ஓடவேண்டும். ஆனால் அன்றைய பதிவை முடிக்க அவன் ரேகை வேண்டும். விரலை வைத்தான்.

பொருந்தவில்லை.

துடைத்து வைத்தான். பொருந்தவில்லை. இடது கை. பொருந்தவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கோடு இல்லை. பத்திலும் இல்லை.

வாசலுக்கு ஓடினான். டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து, தினமும் அவன் வண்டியில் வீட்டுக்குப் போகும் மனைவி வெற்றிச்செல்வி நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது.

“செல்வி, வா, போயிடலாம்.”

அவள் ஒதுங்கினாள். “யாருங்க நீங்க? எங்க வூட்டுக்காரரு உள்ள இருக்காரா?”

“நான்தான்டி.”

முகம் சுளித்து, அவனைத் தாண்டி உள்ளே பார்த்தாள். “என்னங்க, முடிஞ்சுதா? யாரோ ஒரு ஆளு என்னென்னமோ பேசுறாரு.”

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

பீப்.

அவன் சட்டை. அவன் நடை. அவனை இடித்துக்கொண்டு வெளியே வந்தது. கதவைப் பூட்டியது. வண்டியில் ஏறியது. பின்னால் பின்னந்தலை. முன்னால், முகம் இருக்கவேண்டிய இடத்திலும் பின்னந்தலை.

வெற்றிச்செல்வி பின்னால் உட்கார்ந்து, சிரித்தபடி அதன் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.