சப்வூஃபருக்கு இடம் பார்த்தது

அன்று மதியம் அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். ஸ்பீக்கர் வேலைக்கு வந்த இளம்பரிதி. அவனைப் போன் போட்டு வரவழைத்த அமுதவல்லி. இவள் எட்டு மாதத்துக்கு முன் இந்த வீட்டு மாடியில் செத்துப்போன கலைமதியின் அக்கா. கீழே கேட்டோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் மாதப்பன். வீட்டுக்காரன் மாரியப்பன், கலைமதியின் புருஷன், இல்லை. அவனும் நாலு மாதத்துக்கு முன் அதே மாடி அறையில் செத்திருந்தான்.

மூன்று பேர்தான். மாடி அறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் இளம்பரிதி மனதுக்குள் மறுபடி ஒரு முறை எண்ணிக்கொண்டான்.

தரை முழுக்க மெரூன் நிறக் கார்ப்பெட். இரண்டு வருடம் முன்பு அதை விரித்தவன் அவன்தான். அதில் சுவரை விட்டு ஓர் அடி தள்ளி, அறையைச் சுற்றி ஒரு தடம் ஓடியது. செருப்புத் தடம் இல்லை, வெறுங்கால் தடமும் இல்லை. இரண்டு முட்டியும் இரண்டு உள்ளங்கையும் போகிற அகலத்துக்குக் கார்ப்பெட்டின் முடி படிந்து, நிறம் செத்து, சில இடத்தில் அடிநூல் தெரிந்தது. ஒரு தடவை போனால் அப்படி ஆகாது. நூறு தடவை போனாலும் ஆகாது.

"வேற யாராச்சும் ஆளைக் கூட்டியாந்து பார்த்தீங்களாக்கா?"

"இல்லியே தம்பி. ரூமு பூட்டியேதான் கெடக்குது. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

அவன் வராமலே இருந்திருக்கலாம். ஓசூரிலிருந்து ஒருவர் வீட்டை வாங்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார், ஹோம் தியேட்டரோடு சேர்த்துக் கேட்கிறார், போட்ட ஆளே வந்து சத்தத்தைச் சரி செய்து கொடுத்தால் நல்லது என்று அமுதவல்லி போனில் சொன்னபோது, தருமபுரியில் வேலை இருக்கிறது என்று தட்டிக் கழிக்க வாய் வரைக்கும் வந்தது. தட்டிக் கழித்தால் ஏன் என்று யோசிப்பாள். யோசிக்க ஆரம்பித்தால் போலீஸ் ஸ்டேஷனில் அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்த ஒரு பக்கத்தைத் தேடிப் படிப்பாள். அந்தப் பக்கம் பொய் என்று ஆனால் அவன் ஜெயிலுக்குப் போவான். அதனால் வந்தான்.

அறை அவன் கட்டிக் கொடுத்தபடியே இருந்தது. வத்தல்மலை தெரிகிற ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அறைந்து, அதன் மேல் கறுப்புத் துணி இழுத்துக் கட்டிய அறை. பழைய பசை வாசனையும் மூடிக் கிடந்த துணியின் புழுங்கலும் அதற்கடியில் புளித்த வேர்வை மாதிரி வேறு ஏதோ ஒன்றும் மூக்கில் ஏறின. வெளியே கேழ்வரகுக் காட்டில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியைத் தாண்டி ஓர் அடி வைத்ததும் அந்தச் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது.

ஸ்பீக்கர்களைப் பார்த்தான். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றின் முகமும் சோபாவில் உட்காருகிறவரின் காதைப் பார்த்து இருக்க வேண்டும். நூல் பிடித்துத் திருப்பி வைத்திருந்தான். இப்போது ஐந்தும் கதவின் அடிப்பாகத்தைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தன. ஸ்டாண்டின் திருகு இறுக்கமாகவே இருந்தது. கையால் அசைத்துப் பார்த்தான், அசையவில்லை. ஸ்பேனர் போட்டு ஒவ்வொன்றாகச் சோபாப் பக்கம் திருப்பினான்.

"சத்தம் ஒரு பக்கம் தூக்குது, ஒரு பக்கம் இல்லவே இல்ல," என்றாள் அமுதவல்லி வாசற்படியில் நின்றபடி. அவள் உள்ளே வரவில்லை.

"சப்வூஃபருக்கு எடம் பார்க்கணுங்க்கா. அதுக்குத் தவழணும்."

"யாரு, நானா?"

"நான்தான்."

"மீசை வெச்ச ஆளு கொழந்தையாட்டம் தவழுவீங்களா? நல்ல பொழப்பு தம்பி."

அதுதான் முறை. சப்வூஃபர் தாழ்ந்த சத்தத்துக்கென்றே உள்ள பெட்டி. இடியும் லாரி எஞ்சினும் அதிலிருந்துதான் வரும். அறை அந்தச் சத்தத்தைச் சில இடத்தில் வீங்க வைக்கும், சில இடத்தில் விழுங்கிவிடும். எங்கே என்பது அறைக்கு அறை மாறும். அதனால் பெட்டியைத் தூக்கி ஆள் உட்காரும் சோபாவில் வைத்து, ஒரே தாழ்ந்த சத்தத்தை விடாமல் ஓடவிட்டு, பெட்டி இருக்க வேண்டிய சுவரோரம் ஆள் தலையைத் தாழ்த்தித் தவழ வேண்டும். எங்கே சத்தம் கனமாகவும் சுத்தமாகவும் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்கு இடம். பெட்டியும் ஆளும் இடம் மாற்றிக்கொள்கிற வேலை.

சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்திச் சோபாவில் தூக்கி வைத்தான். சத்தம் அவனுடைய போனிலிருந்துதான் ஓடும். கூட்டிக் குறைக்க ஒரு ஆள் வேண்டும். போனை அமுதவல்லியிடம் கொடுத்தான். சீலிங் விளக்கின் ரெகுலேட்டர் ஒரு ரீங்காரம் கிளப்பியது. அது காதைக் கெடுக்கும் என்று விளக்கை அணைத்தான். திறந்த கதவு வழியாக வந்த வெளிச்சம் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குக் கார்ப்பெட்டில் விழுந்தது. அதன் நடுவில் அமுதவல்லியின் நிழல்.

"ஓடவிடுங்க்கா."

சத்தம் வந்தது. காதுக்கு முன் நெஞ்சுக்குத் தெரிகிற சத்தம். அவன் முட்டி போட்டான். இடது மூலையில் ஆரம்பித்தான், அங்கே சத்தம் பானைக்குள் தலையை விட்டது மாதிரி பூம் என்று வீங்கியது. நகர்ந்தான். அவன் கைகளும் முட்டிகளும் தேய்ந்த தடத்துக்குள்ளேயே போய் விழுந்தன; வெளியே வைக்க நினைத்தாலும் அதற்குள்ளேயே விழுந்தன.

"தம்பி."

"சொல்லுங்க்கா."

"அன்னிக்கு நீங்க வந்தப்ப இந்த ரூமுக்குள்ள என்ன சத்தம் கேட்டுச்சு?"

அவன் கை நின்றது. "அதான் போலீசுக்கே சொன்னனேக்கா. படம் ஓடுச்சு. தொம் தொம்னு பாஸ் சத்தம்."

"என்ன படம்?"

"கதவு சாத்தியிருந்துச்சு. தெரியல."

"சரி. தவழுங்க."

எட்டு மாதம் முன்பு, காலை பதினொரு மணி. சத்தம் வெளியே வருகிறது, கதவுக்கு ரப்பர் ஒட்டிக் கொடு என்று மாரியப்பன் கூப்பிட்டான். இளம்பரிதி வந்தபோது அவன் மாடி ஹாலில் நாற்காலி போட்டு இட்லி தின்றுகொண்டிருந்தான். உள்ளே தொப், தொப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொப். பதினாலு வருடமாகச் சத்தத்தோடு வேலை பார்க்கிறவனுக்கு, தாளமில்லாமல் அப்படி அடிக்கிற எந்தப் படமும் கிடையாது என்று தெரியும். அதைவிட, தியேட்டருக்குக் கரன்ட் போகிற ஸ்டெபிலைசர் ஹாலில் தொங்க வேண்டிய இடத்தில் வெறும் ஆணி இருந்தது. இரண்டு வயர்கள் டேப் சுற்றித் தொங்கின. உள்ளே ஒரு பல்பு கூட எரிந்திருக்க முடியாது. மாரியப்பன் அவனைப் பார்த்தான். அவன் மாரியப்பனைப் பார்த்தான். அந்த மாதம் மாரியப்பன் கைகாட்டிய மூன்று வீடுகளில் அவனுக்கு வேலை ஓடிக்கொண்டிருந்தது. ரப்பரை ஒட்டிவிட்டுப் போனான். மறுநாள் கலைமதி மூச்சுத்திணறலில் செத்துப்போனாள் என்று சொன்னார்கள். மூச்சு மருந்து கீழே சமையலறை அலமாரியில் இருந்தது. அவளே உள்ளே போய்க் கதவைச் சாத்திப் படம் பார்த்தாள் என்று மாரியப்பன் சொன்னான். ஆமாம் படம்தான் என்று இளம்பரிதி எழுதிக் கொடுத்தான். கேஸ் முடிந்தது.

இரண்டாவது சுவரின் பாதியில் சத்தம் செத்தது. அப்படி ஓர் இடம் எந்த அறையிலும் இருக்கும். நெஞ்சில் இருந்த அழுத்தம் சட்டென்று விலகி, காது காலியாகும். அவன் அங்கே காதைத் தாழ்த்தினான்.

கார்ப்பெட் உரசும் சத்தம் கேட்டது.

தன் முட்டி என்று நினைத்தான். ஆனால் அவன் நகரவில்லை. உரசல் பின்னால், அவன் ஆரம்பித்த மூலையில் இருந்தது. ஒரு முட்டி. ஒரு கை. ஒரு முட்டி. ஒரு கை. இடையே நின்று, நின்று, எதையோ கேட்பது போல நின்று, மறுபடி.

"அக்கா, நீங்க உள்ளார வந்தீங்களா?"

"நான் எதுக்கு வர்றேன்? இங்கதான் நிக்கறேன்."

திரும்பிப் பார்த்தான். கறுப்புத் துணி. இருட்டு. அவன் வேகமாக நகர்ந்து அடுத்த மூலைக்குப் போனான். அங்கே சத்தம் வீங்கி மற்றதையெல்லாம் மூடிக்கொண்டது. அதுவே நல்லது என்றிருந்தது. உள்ளங்கை எரிந்தது.

"மாரியப்பன் எப்பிடிச் செத்தான் தெரியுமா தம்பி?" சத்தத்துக்கு மேல் அவள் குரல் சாதாரணமாக வந்தது.

"ஹார்ட் அட்டாக்குன்னாங்க."

"ஆமா. வெத்து ரூமுல. நாந்தான் பொணத்தை வாங்கப் போனேன், வேற யாரும் வரல. ரெண்டு முட்டியிலயும் தோலு இல்ல. உள்ளங்கை ரெண்டும் சதையாக் கெடந்துச்சு. இந்தாளு எதுக்கும்மா இவ்ளோ தூரம் தவழ்ந்தாருன்னு டாக்டரு எங்கிட்டக் கேக்குறாரு. நான் என்னத்தைச் சொல்லட்டும்?"

"அக்கா, சத்தத்தை நிறுத்துங்க."

"எடம் கெடச்சிருச்சா?"

"நிறுத்துங்க்கா."

நிறுத்தினாள்.

அறை அமைதியானது. பஞ்சு விழுங்கிய அமைதி. அவன் மூச்சு. அவன் மூச்சு மட்டும் இல்லை. விசில் மாதிரி இழுத்து, பாதியில் அடைத்துக்கொண்டு, மறுபடி இழுக்கிற இன்னொரு மூச்சு, தரையோடு தரையாக.

முட்டி. கை. முட்டி. கை.

எழுந்திருக்கப் பார்த்தான். கால் எழவில்லை. முட்டியிலேயே கதவை நோக்கித் திரும்பினான். வெளிச்சம் பத்தடி தூரம்தான். அதில் அமுதவல்லியின் கால்கள், வெள்ளி மெட்டி, நகராமல்.

"ஸ்டெபிலைசர் இல்லாம எப்பிடித் தம்பி படம் ஓடும்?" என்றாள். "அந்த வாரம் பூரா அது ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. வண்டியில வெச்சு எடுத்துட்டுப் போனதே மாதப்பன்தான். ஒருத்தனும் அந்தாளைக் கேக்கல. நான் கேட்டேன்."

உரசல் நின்றது. அதுவும் பதிலுக்குக் காத்திருப்பது போல இருந்தது.

"இன்னொரு தடவை கேக்கறேன். என்ன சத்தம்?"

சொல்லிவிட்டால் விட்டுவிடுவாள். ஜெயிலுக்குப் போகலாம். ஜெயிலில் வெளிச்சம் இருக்கும். அவன் வாயைத் திறந்ததும் எல்லாம் கொட்டியது.

"தட்டுனாங்க்கா. கதவைத் தட்டுனாங்க. எனக்குத் தெரியும். ரப்பர் ஒட்டக் குனிஞ்சப்ப அண்ணான்னு கூப்புட்டாங்க. மூச்சு முட்டுதுண்ணா, மருந்து மட்டும் குடுங்கண்ணான்னு..."

"அப்புறம்?"

"கதவுக்கு அடியில இடுக்கு இருந்துச்சு. அதுல வெரலு தெரிஞ்சுது. நாலு வெரலு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"வெரலை உள்ள இழுத்துக்கற வரைக்கும் பார்த்துட்டிருந்தேன். அப்புறம் ஒட்டினேன்."

அமுதவல்லி மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று நினைத்தான். அழவில்லை.

"இதை எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது?" குரலில் இருந்த மரியாதை போயிருந்தது. "எனக்குத் தெரிஞ்சதுதானே. என் தங்கச்சிக்குத்தான் இந்த இருட்டுல கண்ணு தெரியல. அவனை முடிச்சப்புறம் நாலு மாசமா உன் குரல் எங்கேயாவது கேக்குமான்னு காதை வெச்சுத் தேடிட்டே சுத்தறா. எவ்ளோ நேரமா நீ பேசுவேன்னு நின்னுட்டிருக்கேன், நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டேன்ற. இப்பதான் வாயத் தொறந்த."

"அக்கா..."

"பேசு. இன்னும் பேசு."

அவன் வாயைக் கையால் பொத்தினான். எரியும் உள்ளங்கை. இரும்பு வாடை. மூச்சை அடக்கினான்.

கதவு மெல்ல நகர, வெளிச்சம் குறுகத் தொடங்கியது. பாய் அகலம் முழ அகலமானது. முழம் சாண் ஆனது. அந்தச் சாண் வெளிச்சத்தின் ஓரத்தில், அவன் முகத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில், தரையோடு ஒட்டி ஒரு தலை கிடந்தது. முடி முகத்தை மூடியிருந்தது. ஒரு காது கார்ப்பெட்டில் அழுந்தியிருந்தது. இன்னொரு காது அவன் பக்கம். அது அசையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் நெஞ்சு அடித்தது. தொப். தொப். வாயை அடைக்கலாம். அதை அடைக்க முடியாது.

அந்தத் தலை காதைத் தரையிலிருந்து எடுத்தது. நான்கு விரல்கள் முன்னால் வந்தன. நகம் இல்லாத விரல்கள்.

வாசற்படியில் இருந்த கால்கள் திரும்பின. அமுதவல்லி வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு சுற்று சுற்றிப் பூட்டியது.