ஐன்ஸ்டைன் யார் பக்கம்?

ஜெர்மனியில் உல்ம் நகரத்துப் பள்ளி ஒன்றில், செவ்வாய்க்கிழமை வந்தால் ஆறாம் வகுப்பு இரண்டாகப் பிரியும். கடவுளைப் பற்றிப் படிப்பவர்கள் மாடி அறைக்குப் போவார்கள். கடவுள் பேச்சு வேண்டாம், நல்லது கெட்டது மட்டும் போதும் என்பவர்கள் கீழேயே இருப்பார்கள். மெர்லே கீழ் அறை. அவளுடைய உயிர்த்தோழன் அன்டோன் மாடி அறை. இதனால் அவர்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

இந்த மார்ச்சில் வந்தது, ஐன்ஸ்டைனால். உல்மில் பிறந்தவர் அல்லவா, அவருக்காகப் பள்ளியில் ஒரு கண்காட்சி. ஜெபத்துக்குக் காதுகொடுக்கும் கடவுளை அவர் நம்பவில்லை, அதனால் எங்கள் ஆள் என்றது கீழ் அறை. உலகத்தின் ஒழுங்கைக் கண்டு வியப்பதே தன் பக்தி என்றாரே, அதனால் எங்கள் ஆள் என்றது மாடி அறை. பாவம், செத்தும் அந்த மனிதருக்கு நிம்மதி இல்லை!

கடைசியில் கீழ் அறை லூசி ஒரு போட்டி வைத்தாள். இரண்டு தொட்டிகளில் கிரெஸ் கீரை விதைப்பது. ஒன்றுக்கு மட்டும் மாடி அறை தினமும் ஜெபம் செய்யும். எவர் தொட்டியில் கீரை உயரமோ, அவர்களே கண்காட்சிப் பலகையில் ‘எங்கள் ஆள்’ என்று எழுதலாம். அளக்கும் வேலை மெர்லேவுக்கு. அவள் பொய் சொல்லமாட்டாள் என்பதில் மட்டும் இரண்டு அறைகளும் ஒத்துப்போயின.

எட்டாம் நாள் அளந்தாள். ஜெபம் செய்யாத தொட்டியில் ஆறு சென்டிமீட்டர். ஜெபத் தொட்டியில் இரண்டே இரண்டு. கீழ் அறை குதியாய்க் குதித்தது.

"உங்க சாமி தூங்கிட்டாராடா?" என்று லூசி சீண்டினாள். அன்டோன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

இடைவேளை மணி அடித்ததும் மெர்லே ஜன்னலைத் திறக்கப் போனாள். வெளியே பனியே கொட்டினாலும் ஒவ்வொரு இடைவேளையிலும் அறைக்குள் காற்று விட்டே ஆகவேண்டும் என்பது பள்ளி விதி. அந்த மாதம் அவள் முறை. வலது ஜன்னலுக்குக் கைப்பிடி உடைந்திருந்ததால் தினமும் இடது ஜன்னலைத்தான் திறந்தாள். குளிர்காற்று முகத்தில் அடித்தது. நேர் கீழே ஜெபத் தொட்டி நின்றது; மற்றது திறக்காத வலது ஜன்னலடியில். அதை அங்கே வைத்தவளும் அவள்தான். குளிர்தான் அதை வளரவிடவில்லையோ என்று மெர்லேவுக்குத் தோன்றியது.

வேறு யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் பலகை கீழ் அறைக்குத்தான்.

கண்காட்சிக்காக அவள் எழுதிய தாள் மேசையில் கிடந்தது. எது எப்படி இருக்கிறது என்று அறிவியல் சொல்லும், நாம் என்ன செய்யவேண்டும் என்பதை அது சொல்லாது என்று ஐன்ஸ்டைன் நினைத்தாராம். அளவுகோல் தன் வேலையைச் செய்துவிட்டது, மிச்சம் என் வேலை என்று முடிவு செய்தாள் மெர்லே. நேரே லூசியிடம் போய்ச் சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா? ஜெயிச்சதுக்கு அப்புறம் வந்து கெடுக்கிற. நீ யாரு பக்கம்டி?"

"பக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு தொட்டிய மட்டும் எட்டு நாளா குளிர்ல நிக்க வெச்சிருக்கேன். அதைச் சொல்லாம எழுதினா பொய்."

"ஐன்ஸ்டைன் நம்ம ஆளுடி!"

"அவரு பேரு போட்ட பலகையிலயா பொய் எழுதச் சொல்ற?"

லூசி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு கீழ் அறையில் ஒருவரும் மெர்லேவுடன் பேசவில்லை. மதியம் தனியாக உட்கார்ந்து ரொட்டியைக் கடித்தாள். அழுகை வந்தது. இருந்தாலும் பேனாவை எடுத்தாள்.

மாலையில் பெற்றோர்கள் வந்தபோது, பலகையில் இரண்டு அறைகளும் சொன்னவை இருந்தன. நடுவே மெர்லேவின் கையெழுத்து: 'எந்தத் தொட்டி ஜெயித்தது என்று தெரியாது. ஜெபத் தொட்டிக்கு மேலே ஜன்னல் திறந்திருந்தது. திறந்தது நான்.'

லூசி அதை முறைத்து முறைத்துப் படித்தாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே பேனாவை வாங்கி, 'நானும்தான் ஜன்னலைக் கவனிக்கவில்லை' என்று கீழே எழுதினாள்.

அன்டோன் புது விதைப் பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"மறுபடி போடலாமா? நான் ஜெபம் பண்றேன்."

"பண்ணு," என்றாள் மெர்லே. "ஜன்னலை நான் பாத்துக்கறேன்."