ஏழாவது பதிவு

ஏழாவது முறை தட்டியபோதுதான் சக்கரவர்த்தி கவனித்தார்: அது அவர் பதிவு செய்த ஒலி இல்லை.

கீபோர்டில் அதே வெள்ளைக் கட்டைதான். முதல் ஆறு தட்டலுக்கும் அவருக்கு மனப்பாடமான கிட்டார் ஒலிதான் வந்தது. ஏழாவதில் தந்தி சற்றுத் தயங்கி அதிர்ந்தது. ஈர விரல் கம்பியில் வழுக்குவது போல ஒரு கீச்சு. அதற்கு முன்னால், மிக மெல்ல, யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“ஃபேடர், இதக் கேட்டீங்களா?”

“எத சார்?” என்றார் சவுண்ட் இன்ஜினியர், தலையைத் தூக்காமலே. இருபது வருடமாக ஃபேடர் என்ற தள்ளுகட்டையால் ஒலியை ஏற்றி இறக்கியே அவருடைய சொந்தப் பெயர் ஊருக்கு மறந்துவிட்டிருந்தது.

“செருமல்.”

“நீங்கதான் செருமிருப்பீங்க. மூணு நாளா சொற்பொழிவு ஒத்திகை பாக்குறீங்களே.”

சக்கரவர்த்தி என்பது பட்டம். எந்தச் சங்கம் கொடுத்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மேடையில் மைக்கைப் பிடித்து அவரே அறிவித்துக்கொண்டது வெளிவந்திருக்கும். ஸ்டூடியோ சுவரில் ஒன்பது கிட்டார்கள் தொங்கின. ஒன்றைக்கூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. கீபோர்டிலும் வலதுகை ஆள்காட்டி விரல்தான் சக்கரவர்த்தி. மற்ற ஒன்பதும் குடிமக்கள்.

ஆனால் அவர் ஒன்று செய்திருந்தார். கணினிக்குள் ஒரு கிட்டார். கீபோர்டைத் தட்டினால் போதும், நிஜக் கிட்டார் மாதிரியே ஒலிக்கும். “வித்தியாசம் கண்டுபிடிங்க பாக்கலாம்!” என்று பேட்டிக்குப் பேட்டி தொடையைத் தட்டினார். இன்று நான்கு மணிக்கு ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்திலிருந்து மூன்று பேர் அதைக் கேட்க வருகிறார்கள். பிடித்துவிட்டால் அவர் பெயர் உலகம் சுற்றும். பிடிக்காவிட்டால் இத்தனை நாள் அடித்த தம்பட்டமெல்லாம் திரும்பி அவர் முதுகிலேயே அடிக்கும்.

வருகிறவர்களுக்காகப் பொன்னிற எழுத்தில் சக்கரவர்த்தியின் பெயர் பொறித்த மூன்று கறுப்புக் கண்பட்டைகள் தயாராக இருந்தன. விளக்கைக் குறைத்து, கண்ணைக் கட்டி, காதால் மட்டும் கேட்க வேண்டும். அது அவருடைய யோசனை.

மென்பொருளைத் திறந்தால் கிட்டாரை அணைத்தபடி அவர் படம் வரும். நன்றிப் பட்டியலில் ஏசி மெக்கானிக் வரைக்கும் இருந்தார்கள். மச்சான் இல்லை.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அந்த ஒலியெல்லாம் அவனுடைய விரல்கள். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பதிவறையில் பதினோரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு சுரத்தையும் ஆறு முறை வாசித்தான். ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் மெஷின் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். அதனால் தட்டத் தட்ட ஆறும் மாறி மாறி வரும், ஏழாவதில் மறுபடி முதல் பதிவே வரும். சக்கரவர்த்தி இந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, பதிவறைக்குப் பேசும் பொத்தானை அழுத்துவார். பொத்தானருகே சிவப்பு விளக்கு எரியும்.

“நல்லா இருக்கு மச்சான். இன்னொரு தடவ.”

ஒன்பதாம் நாள் விரல் நுனிகள் வெடித்துவிட்டன. பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வந்தான். “அத்தான், நாளைக்கு வச்சுக்கலாமா? விரல் மரத்துப்போச்சு.”

“கலைஞனுக்கு வலிதான்டா வரம்,” என்றார் அத்தான், காபியை உறிஞ்சிக்கொண்டே. “இன்னொரு தடவ.”

மூன்று மாதம் கழித்து ஒரு மழைநாளில் லாரி ஒன்று குறுக்கே வந்தது. மச்சானின் கை பைக்கின் பிரேக்கில்தான் இருந்தது. பதிவில் மரத்துப்போய் உணர்ச்சி திரும்பாத விரல்கள் அழுத்தவில்லை. மச்சான் பிழைக்கவில்லை. மழையில் வழுக்கியது என்று சக்கரவர்த்தி எல்லோரிடமும் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது பாதி உண்மையாகியிருந்தது.

“நான் கீழ போய் அவங்களக் கூட்டிட்டு வரேன்,” என்று ஃபேடர் எழுந்தார். “செருமலத் தண்ணி குடிச்சு அடக்குங்க சார்.”

கனத்த கதவு சாத்திக்கொண்டது. வெளியே பட்டப்பகல். உள்ளே சன்னலே இல்லாத, பஞ்சுப் பலகை பதித்த அந்த அறையில் பகலும் இல்லை, இரவும் இல்லை. ஏசியின் ஈரவாடை, சூடேறிய கருவிகளிலிருந்து வரும் தூசி வாசம், காதைப் பொத்தியது போன்ற நிசப்தம், அந்த நிசப்தத்துக்குள் தன் ரத்தம் ஓடுவதே தனக்குக் கேட்கும் மெல்லிய இரைச்சல், இவை மட்டும்தான்.

கைபேசி அதிர்ந்தது. மனைவி.

“வரும்போது குளியலறைக்கு ஒரு பல்பு வாங்கிட்டு வாங்க. போன தடவ மாதிரி மறந்துட்டு வந்து நிக்காதீங்க.”

“சரி சரி,” என்றபடியே இன்னொரு கட்டையைத் தட்டினார். ஒன்று. இரண்டு. ஆறு வரை சரியாக வந்தது. ஏழு.

செருமல். கீச்சு. சுரம்.



“ஏங்க,” என்றாள் மனைவி. “யாரு அங்க?”

“யாருமில்ல. ஃபேடர்.”

“ஃபேடர் குரல் எனக்குத் தெரியாதா? கஷ்டமான எடம் வந்தா என் தம்பிதான் அப்படிச் செருமுவான். சின்ன வயசுலேருந்து. ஃபோன அவன்கிட்ட குடுங்க.”

“உளறாத. அது பதிவு.”

“பதிவுன்னா திரும்பவும் அதேதானே வரும்? போடுங்க.”

அவர் இணைப்பைத் துண்டித்தார்.

திரையில் ‘விரல் சத்தம்’ என்றொரு திருகு இருந்தது. சுழியத்துக்கு இறக்கினார். தட்டினார். ஏழாவதில் கீச்சு வந்தது, முன்னைவிட நீளமாக, முன்னைவிட ஈரமாக. மென்பொருளை மூடினார். தட்டினார். வந்தது. ஒலிபெருக்கியை அணைத்தார்.

வந்தது.

இப்போது கண்ணாடிக்கு அப்பாலிருந்து.

பதிவறை இருண்டிருந்தது. அங்கே மைக் இல்லை. கழற்றி மாதங்கள் ஆகிவிட்டன. கிட்டாரும் இல்லை. ஒரு நாற்காலி மட்டும். அது மெதுவாகச் சுழன்று இவர் பக்கம் திரும்பி நின்றது.

மேசையில் பேசும் பொத்தான் தானாக உள்ளே அமுங்கியது. சிவப்பு விளக்கு.

“நல்லா இருக்கு அத்தான். இன்னொரு தடவ.”

ஆள்காட்டி விரல் போனது. அவர் அனுப்பவில்லை. தட்டியது.

“இன்னொரு தடவ.”

தட்டியது. இழுத்துப் பார்த்தார். தோள் வந்தது, முழங்கை வந்தது, விரல் வரவில்லை. நுனியில் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது, இறுகக் கட்டிய கம்பி அறுத்தது போல. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு குடிமக்களும் ஒவ்வொருவராகக் கட்டைகளில் இறங்கினார்கள்.

கதவு திறந்தது. செண்ட் வாசனை. சிரிப்பொலி.

“சார் ஆரம்பிச்சிட்டாரா!” என்றது ஒரு குரல். “தொந்தரவு பண்ண வேண்டாம்.”

“கண்ணக் கட்டிக்கிட்டுதான் கேக்கணும். சாரோட உத்தரவு,” என்றார் ஃபேடர். பட்டைகளைக் கொடுத்தார், விளக்கைக் குறைத்தார், எழுதிக் கொடுத்திருந்தபடியே வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

சக்கரவர்த்தி கத்த வாயைத் திறந்தார்.

செருமல் வந்தது. அவருடையது இல்லை.

“அடடா, செருமலக்கூட விடல பாருங்க!” என்று பின்னாலிருந்து ஒருவர் வியந்தார்.

“இது நிஜக் கிட்டார்தான். சார் நம்மள ஏமாத்துறார்.”

“மெஷினுக்கு ஏதுங்க இவ்வளவு வலி?”

தோல் கிழிந்தது. கட்டைகள் வழுக்கின. கீச்சு. அழகான, உயிருள்ள கீச்சு. சிவப்பு விளக்கு அணையவில்லை. கண்ணாடிக்கு அப்பால், இருட்டில், பிளாஸ்திரி சுற்றிய ஒரு கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

கடைசிச் சுரம் ஓய்ந்தது. மூவரும் கைதட்டினார்கள். அவர் கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. பொன்னிறத்தில் மூன்று முறை அவர் பெயர். அதற்குக் கீழே மூன்று வாய்கள், மலர்ந்து.

“பிரமாதம் சார்! வித்தியாசமே தெரியல,” என்றது நடுவிலிருந்த வாய். “இன்னொரு தடவ.”

வெள்ளைக் கட்டைகளில் வெள்ளை மிச்சமில்லை. விரல்கள் இறங்கின.