நான்கு ஜன்னல்களும் திறந்திருக்கும்

மதியம் ஆனால் போதும், ஐந்தாம் வகுப்பு அறை அனலாய்க் கொதிக்கும். பள்ளியில் ஒரே ஓர் அறைக்கு வெயில் மறைப்புப் போடப் போகிறார்கள். எந்த அறைக்கு என்பது இன்று முடிவாகிவிடும்.

அதற்காகவே இன்ஜினியர் அக்கா மடிக்கணினியோடு வந்திருந்தார். அறையின் அளவு, ஜன்னல், மின்விசிறி, ஆட்கள் என்று எல்லா விவரமும் கொடுத்தால், உள்ளே எவ்வளவு சூடு இருக்கும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும்.

"உங்க ரூம் இருபத்தொன்பது டிகிரிதான் வருது. எட்டாம் வகுப்புதான் அதிகம், முப்பத்திரண்டு" என்றார் அக்கா.

வாயாடிக்குப் பகீரென்றது. வகுப்பில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி முப்பத்து நான்கு காட்டியது.

"அது பழசாயிடுச்சோ என்னவோ" என்றார் அக்கா.

மேசை மேல் இருந்த விவரத்தாளை வாயாடி எட்டிப் பார்த்தாள். வகுப்பு லீடரின் முத்துமுத்தான கையெழுத்து. 'நான்கு ஜன்னல்களும் எப்போதும் திறந்திருக்கும். மூன்று மின்விசிறிகளும் நன்றாக ஓடும்.'

அடிப்பாவி, நல்ல பெயர் வாங்க எழுதியிருக்கிறாள்!

லீடர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயாடியின் உயிர்த்தோழி. போட்டுக் கொடுக்க மனசு வரவில்லை. பேசாமல் இருந்தால் வெயில் மறைப்பு கைவிட்டுப் போய்விடும். வாயாடிக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் எழுந்து நின்றாள்.

"அக்கா, நாங்க எழுதினது தப்பு. பரிசு குடுக்கறதுக்குக் கேக்கறாங்கன்னு நினைச்சு எழுதிட்டோம்."

அக்கா கோபப்படவில்லை. "இந்தக் கம்ப்யூட்டர் ஒரு வெகுளிம்மா. எதைச் சொன்னாலும் நம்பிடும். நிஜத்துல எப்படி?"

"ஜன்னல் பொறுப்பு லீடரோடது. அவளுக்குத்தான் சரியாத் தெரியும்."

லீடர் மெல்ல எழுந்தாள். "மதியம் மைதானத்துப் புழுதி உள்ள வரும்கா. கடைசி பெஞ்சுல ஒருத்தனுக்கு மூச்சுத் திணறும். அதான் நாலையும் மூடிடுவேன். ஃபேன் ஒண்ணுதான் ஓடுது. மத்த ரெண்டும் உறுமும், சுத்தாது."

அக்கா சிரித்தபடி விவரங்களை மாற்றினார். திரையில் முப்பத்து நான்கு வந்தது.

"இருங்க, எட்டாம் வகுப்பையும் நேர்ல பாத்துட்டு வந்துடறேன்."

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். "அவங்க எழுதினது சரிதான். பள்ளிக்கூடத்துலயே மோசமான ரூம் உங்களோடதுதான்."

வகுப்பே கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது லீடர்.