அடங்காத எண்

இருந்த கோப்பை இல்லையென்றது கணினி.

மின்தூக்கிகளுக்கு நிரல் எழுதும் அவன், எண்களின் அளவுகளை வரையறுக்கும் அந்தத் தலைப்புக் கோப்பைத் திரையிலேயே கண்டான்; ஆயினும் நிரலைத் தொகுக்கும்போதெல்லாம் அதே பிழைச்செய்தி.

“தலை கிடைச்சுதாப்பா?” என்றார் சாப்பிடக் கிளம்பிய மேலாளர்.

“இருக்கு சார். இல்லைங்குது.”

“என் மாமியாரும் அப்படித்தான். ஒரு வருஷமா பூட்டிக் கிடந்த லிஃப்ட், மூணு மணிக்கு ஓடியே ஆகணும். பாத்துக்க.”

கதவு சாத்தியபின், குளிரூட்டியின் முனகலுக்கும் வெளியே நண்பகல் வெயிலில் விரையும் வண்டிகளின் இரைச்சலுக்கும் அடியில், இரும்புக் கயிறு உருளையில் வழுக்குவதுபோன்ற ஓர் ஒலி எழுந்தது. கூடவே மசகெண்ணெய் நாற்றம். கோப்பின் முழு முகவரியையும் தட்டெழுதினான். பிழை நீங்கியது. அடுத்து ஓர் எச்சரிக்கை: உயரத்தைக் குறிக்கும் எண், ஒதுக்கிய இடத்தில் அடங்காது.

அவனுக்குத் தெரியும். சென்ற ஆண்டும் இந்தத் தலைப்புக் கோப்பு அகப்படாதபோது, தேடச் சோம்பி, முப்பத்திரண்டு பிட் இடத்தைப் பதினாறாகக் குறுக்கி, எச்சரிக்கையை வாயடைத்து, அதற்குத் ‘திருத்தம்’ என்று பெயரும் இட்டவன் அவனே. பிழையை நீக்குவதன்றோ திருத்தம்! பதினோராம் மாடியில் மில்லிமீட்டர்க் கணக்கு, பதினாறு பிட்டின் எல்லையான 32767-ஐக் கடந்து எதிர்மறையாகப் புரண்டது. தான் நிலத்துக்கடியில் இருப்பதாக நம்பிய மின்தூக்கி மேலும் ஏறி, தன் கூரைமேல் நின்று பழுதுபார்த்த மெக்கானிக்கை உச்சித்தளத்தோடு வைத்து நசுக்கியது. “அண்ணன்தான் சுவிட்சை அணைக்கல,” என்று விசாரணையில் அவன் கூசாமல் சொன்னான். இறந்தவர்மேல் பழி நின்றது.

இன்று இடத்தை விரித்தால், குறுக்கியவன் யார் என்று கேட்பார்கள். பிறகு சிறைதான்.

எச்சரிக்கையை மறுபடியும் வாயடைத்தான்.

தொகுப்பு முடிந்தது. பிழை ஏதுமில்லை.

அதன்கீழ் எண்கள் தாமாக ஓடின. 32765. 32766. 32767.

பின்பு, −32768.

மேசை அதிர்ந்தது. சன்னலின் மேல்விளிம்பு அவன் கண்ணுக்கு நேரே இறங்கியது. அதற்கும் கீழே போயிற்று. வெயில் மறைந்தது.

“குனி தம்பி.” காதருகே, மசகெண்ணெய் மூச்சு. “இன்னும் குனி.”

குனிந்தான். மண்டியிட்டான். மல்லாந்தான்.

கூரை அசையவேயில்லை. விளக்கின் கண்ணாடி அவன் மூக்கு நுனியைத் தொட்டது. தரையோ, தான் நிலத்துக்கடியில் இருப்பதாக எண்ணி, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.