மூன்றாவது ஓலை

"லேடீஸ் உட்கார்ந்திருக்கிற பெஞ்ச் சார் இது... கண்ணு தெரியலையா?"

அசரியா பதறி எழுந்துவிட்டார். எழுபத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழை செம்பாக்கத்தை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அந்த முதியோர் இல்லத்துத் தாழ்வாரத்தில் நனையாத இடம் அந்த ஒரு பெஞ்சுதான். அதில் ஞானசௌந்தரி. அவருடைய மனைவி. மறதி முற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்ததிலிருந்து, அவளுக்கு அவர் யாரோ ஒரு ஆள்.

போன வாரம் வீம்பாக, "நான்தான்டி உன் புருஷன்!" என்று கையைப் பிடித்துவிட்டார். அவள் போட்ட கூச்சலில் இல்லமே கூடிவிட்டது. "இன்னொரு தடவை இப்படிப் பண்ணா உங்களை உள்ளேயே விடமாட்டேன் சார்" என்று மேட்ரன் ரத்தினபாய் கறாராகச் சொல்லிவிட்டாள். ரிடையர்டு ஹெட்மாஸ்டருக்கு இது தேவையா? தேவைதான்.

"மழை விட்டதும் போயிடறேங்க."

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்... அடடா, அந்தக் கண்கள்! அவற்றுக்கு மட்டும் வயசே ஆகவில்லை.

"சரி, உட்காருங்க. தள்ளி! எனக்கு சர்ச்சுல ரெண்டு வாரம் கல்யாண ஓலை வாசிச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை மூணாவது. அதுலயும் யாரும் தடை சொல்லலைன்னா கல்யாணம்தான்."

"யாராவது எழுந்து தடை சொல்லிட்டா?"

"யாரு, நீங்களா?" கலகலவென்று சிரித்தாள். "ஆளு லட்சணமாத்தான் இருக்கீங்க... ஆனா முடியாது சார்."

அசரியாவுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. "மாப்பிள்ளை அவ்வளவு உசத்தியோ?"

"அசரியான்னு பேரு. கல்யாணம் ஆனப்புறம் பேர் சொல்லக் கூடாதில்ல... அதான் இப்பவே சொல்லிக்கிறேன். அசரியா!"

நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் வாயால் அந்தப் பெயரை அவர் கேட்டதேயில்லை.

"சரியான உம்மணாமூஞ்சி சார். பிரியமா ஒரு வார்த்தை பேசத் தெரியாது." தலையைக் குனிந்துகொண்டாள். "இருந்தாலும்... அவர்னா எனக்கு உசிரு. அவர்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க!"

நான்தான்... நான்தான் அது... என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் கத்துவாள். அப்புறம் இந்த பெஞ்சும் கிடையாது. விழுங்கிக்கொண்டார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்?"

"ஆச்சுங்க."

"அவங்க மேல பிரியமா இருப்பீங்களா?"

"ரொம்பங்க. அவ இல்லாத வீட்டுல எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது..." குரல் உடைந்துவிட்டது.

"ஐயய்யோ, அழறீங்களே! இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"இத்தனை வருஷமா சொல்லலைங்க," என்றார் அசரியா. "இப்பத்தான் சொன்னேன்."